பாட்டுக்கு மங்கும் ஹெட்லைற்: கபாசிற்றர் எவ்வளவு கைகொடுக்கும்?

மாலை ஆறு மணி தாண்டிவிட்டால் பேராதனை வீதியில் கெட்டம்பேயிலிருந்து நகரம் வரை வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். அந்த வரிசையில் பெரிய சப்வூபர் பூட்டிய வேன் ஒன்று நின்றால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் அதன் ஹெட்லைற் மங்கி மறுபடி தெளியும். வண்டிக்காரருக்கு இது பெரிய மனக்குறை. வயரிங் பாஸிடம் கேட்டால் பலருக்கும் கிடைக்கிற பதில், "ஒரு கபாசிற்றர் போட்டுப் பாருங்க" என்பது. இன்னொரு பாஸிடம் போனால், "அதெல்லாம் பம்மாத்து, காசை வீணாக்காதீங்க" என்பார். இருவருமே கைப்பழக்கத்தில் பேசுகிறவர்கள். ஆனால் ஒருவர் பேசும் வோல்ற்றளவுச் சரிவு வேறு, மற்றவர் பேசும் சரிவு வேறு. ஒன்று மில்லிசெக்கன் கணக்கில் வந்துபோவது. மற்றது செக்கன் கணக்கில், சில வேளை நிமிடக் கணக்கில் நீடிப்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை இந்த வாதம் முடியாது.

முதலில் செட் எவ்வளவு மின்னைக் கேட்கிறது என்று தெரிய வேண்டும். பெட்டியில் 3000 வாற் என்று அச்சடித்திருப்பதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அம்பிளிபயரின் பக்கத்தில் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். 30 அம்பியர் பியூஸ் இரண்டு இருந்தால் அது அதிகபட்சம் 60 அம்பியர் இழுக்கும். 13.8 வோல்ற்றால் பெருக்கினால் 828 வாற். 'டி' வகுப்பு அம்பிளிபயர் அதில் ஐந்தில் நான்கு பங்கை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், மிச்சம் சூடாகப் போகும். ஆகவே அது ஏறத்தாழ 650 வாற் செட். பழைய 'ஏபி' வகுப்பு என்றால் அதே பியூஸுக்கு இன்னும் குறைவு. இந்த 60 அம்பியரையே கட்டுரை முழுவதும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், கண்டிப் பக்கத்து வேன்களில் பூட்டப்படும் நடுத்தரச் செட்டுக்கு அது பொருந்தும்.

எஞ்சின் ஓடாதபோது நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். ஓடும்போது அல்டர்னேற்றர் அதை 13.8 முதல் 14.4 வரை தூக்கி வைக்கும். அல்டர்னேற்றரின் வலுவுக்குள் செலவு அடங்கும்வரை வண்டியின் எல்லாப் பாவனைக்கும் மின்னைக் கொடுப்பது அதுதான். பற்றரி அப்போது கொடுக்கும் இடத்தில் இல்லை, வாங்கும் இடத்தில் இருக்கிறது. செலவு அல்டர்னேற்றரின் வலுவைத் தாண்டியதும் வோல்ற்றளவு சரிந்து 12.8க்குக் கிட்ட வரும். அங்கேதான் பற்றரி கைகொடுக்கத் தொடங்கும். 14.4க்கும் 12.8க்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில் பற்றரியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கபாசிற்றருக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களின் வாதம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. அது ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் இல்லை.

இனி கபாசிற்றரின் கொள்ளளவு. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த சூத்திரமே இதற்குப் போதும். ஒரு பரட் கபாசிற்றர் ஒரு வோல்ற் இறங்கும்போது ஒரு கூலோம் மின்னேற்றத்தைக் கொடுக்கும். 60 அம்பியர் என்பது செக்கனுக்கு 60 கூலோம். ஆகவே ஒரு வோல்ற் இறங்க அதற்கு ஒரு செக்கனில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 17 மில்லிசெக்கன் போதும். 14.4இலிருந்து 12.6 வரை இறங்கவிட்டாலும் 30 மில்லிசெக்கன்தான். சக்திக் கணக்கில் பார்த்தாலும் இதே விடை வரும்: அந்த இறக்கத்தில் கிடைப்பது 24 யூல், செட் ஒரு செக்கனுக்குத் தின்பது 828 யூல். 40 ஹேர்ட்ஸ் பேஸ் சத்தத்தின் ஓர் அலைக்கே 25 மில்லிசெக்கன் செல்லும். அப்படியானால் ஒரு பரட் கபாசிற்றர் தாங்கிப் பிடிப்பது ஓர் அலையையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் மட்டுமே. வண்டியில் சாதாரணமாக இருக்கும் என்எஸ் 60 பற்றரி 45 அம்பியர் மணி, அதைக் கூலோமாக்கினால் 1,62,000. கபாசிற்றரின் இருப்பையும் பற்றரியின் இருப்பையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது. கபாசிற்றர் கொடுத்த அந்த ஒன்றிரண்டு கூலோமையும் அடுத்த கணம் அதே அல்டர்னேற்றரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். வண்டியில் புதிதாக மின் எதுவும் உண்டாவதில்லை.

அதற்காக கபாசிற்றர் சும்மா இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பேஸ் சத்தம் போகும்போது அம்பிளிபயர் மின்னைச் சீராக இழுப்பதில்லை. அலை மேலே போகும்போது ஓர் இழுவை, கீழே போகும்போது இன்னோர் இழுவை என 40 ஹேர்ட்ஸ் சத்தத்துக்குச் செக்கனுக்கு 80 தடவை இழுக்கும். பற்றரி, பியூஸ், வயர், உடல் வழியாகத் திரும்பும் எர்த் எல்லாவற்றின் தடையையும் கூட்டினால் 10 மில்லி ஓம் வருகிறது என்று வைப்போம். 10 மில்லி ஓமை ஒரு பரட்டால் பெருக்கினால் வரும் நேரமாறிலி 10 மில்லிசெக்கன். அந்த 80 துடிப்புகளையும் கபாசிற்றர் நன்றாகவே மழுக்கிவிடும். ஒசிலஸ்கோப்பை அம்பிளிபயரின் முனையில் வைத்துப் பார்த்தால், கபாசிற்றர் இல்லாதபோது பல்லுப் பல்லாக இருந்த கோடு அதைப் பூட்டியதும் வழவழப்பாகும். "நான் பூட்டிப் பார்த்தேன், வித்தியாசம் தெரிஞ்சது" என்று சொல்கிற பாஸ் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோட்டின் சராசரி உயரம் அப்படியே இருக்கிறது. ஹெட்லைற்றின் உள்ளே இருக்கும் இழை சூடாறுவதற்கு நேரம் எடுக்கும், செக்கனுக்கு 80 தடவை வரும் துடிப்பை அது காட்டாது. அது காட்டுவது சராசரியின் சரிவை. கபாசிற்றரால் தூக்க முடியாததும் அந்தச் சராசரிதான்.

இந்த இடத்தை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே முடிவெடுக்க இது உதவும். சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். அதில் 14.1 இருந்த இடத்தில் பேஸ் விழும்போது 12.9 தெரிகிறது என்றால், அந்தச் சரிவு குறைந்தது சில நூறு மில்லிசெக்கன் நீடித்திருக்கிறது. 30 மில்லிசெக்கன் தாங்கும் பொருளால் அதை நிரப்ப முடியாது. கண்ணுக்கும் மீற்றருக்கும் பிடிபடுகிற சரிவு எதுவாயினும் அது ஒரு பரட்டின் கைக்கு எட்டாதது.

காதின் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். 14.4 வோல்ற் 12.6ஆகக் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். வெளிச்சம் வோல்ற்றளவோடு அத்தனை செங்குத்தாக மாறுகிறது. அதே இறக்கத்தில் சாதாரண அம்பிளிபயரின் வலு கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகவே இழக்கும். டெசிபலில் சொன்னால் ஏறத்தாழ 1.2. பாட்டு ஓடும்போது அந்த அளவு வேறுபாட்டைக் காது பிடிப்பது கடினம். கபாசிற்றர் பூட்டியதால் பேஸ் இரு மடங்காகிவிட்டது என்று சொல்பவருக்கு, அந்த வேளையில் வயர், எர்த், போல்ட் எல்லாம் புதிதாக இறுக்கப்பட்டதும் உதவியிருக்கும் என்பதே என் கணிப்பு.

கண்டிக்கு வருவோம். இந்த நகரத்தின் அமைப்பே இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய வீதிகள், வாவியைச் சுற்றிய ஒருவழிப் பாதை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி, மணிக்கூட்டுக் கோபுரத்துச் சந்தி. மாலையில் எஞ்சின் அதிக நேரம் ஓடுவது நின்ற நிலையில். எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றுச் சுற்றும்போது, கப்பி விகிதத்தால் அல்டர்னேற்றர் 2000 சுற்றளவில் ஓடும். அதன் முழு வலு வெளிப்பட ஏறத்தாழ 6000 சுற்று வேண்டும். 70 அம்பியர் என்று பதித்த சிறிய கார் அல்டர்னேற்றர், சூடேறிய பின் நின்ற ஓட்டத்தில் பாதியளவு கொடுத்தால் பெரிய காரியம்.

அந்த வேளையில் செலவைக் கூட்டிப் பாருங்கள். பெற்றோல் பம்பும் இக்னிஷனும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து 12 அம்பியர். ஹெட்லைற்றும் பார்க் லைற்றும் இன்னொரு 12. ஏசியின் ஊதியும் குளிர்விக்கும் விசிறியும் 15 முதல் 20. மழை வந்தால் வைப்பருக்கு 5. காலை எடுக்காமல் மிதித்திருக்கும் பிரேக்கின் விளக்குக்கு 4. கண்டியின் ஈரத்தில் பின்கண்ணாடி பனித்துப்போய் டிமிஸ்டரைப் போட்டால் இன்னும் பத்துக்கு மேல். பாட்டே போடாமல் 50 அம்பியரைத் தாண்டியாயிற்று. அல்டர்னேற்றர் ஏற்கெனவே தோற்றுப்போய் பற்றரி கடன் கொடுத்துக்கொண்டிருக்கும் வண்டியில், 60 அம்பியர் கேட்கும் செட் வந்து உட்காருகிறது. இங்கே இல்லாதது மின். சேமிக்கும் இடம் கூடினாலும் சேமிக்க ஒன்றுமில்லை.

அதே வண்டி அதே பாட்டோடு மாவனெல்லைப் பக்கமிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது விளக்கு மங்குவது மிகவும் குறைந்துவிடும். இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சின் 2500, 3000 சுற்றில் இரைகிறது. அல்டர்னேற்றர் முழு வலுவோடு ஓடுகிறது. பாறைக் குடைவைத் தாண்டும்வரை நன்றாக இருந்த வெளிச்சம் பேராதனைச் சந்தி வரிசையில் நின்றதும் மங்கத் தொடங்கினால், குறை எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஏற்றத்திலும் மங்கினால் மட்டும் வயரையும் எர்த்தையும் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வயர் விடயத்தில் நம் ஊரில் அதிகம் அசட்டை காட்டுகிறோம். எஞ்சின் பக்கத்துப் பற்றரியிலிருந்து டிக்கி வரை 5 மீற்றர் என்று கொள்வோம். நல்ல செம்பாலான 8 கேஜ் வயரில் 60 அம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ற் போய்விடும். 4 கேஜ் போட்டால் இழப்பு கால் வோல்ற். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயர் பார்வைக்கு அதே தடிப்பாக இருக்கும், ஆனால் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அதில் 8 கேஜ் என்றால் இழப்பு ஒரு வோல்ற்றைத் தொடும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். சில நல்ல செம்பு வயர்களுக்கும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள் என்பதால், சுரண்டும்போது மேல்பூச்சைத் தாண்டி நடுவரை பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. எஞ்சினை ஓடவிட்டு, ஒரே சீரான 50 ஹேர்ட்ஸ் சத்தத்தை நீங்கள் வழமையாகக் கேட்கும் உரப்பில் போடுங்கள். மீற்றரின் சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸ் கொண்டையிலும், கறுப்பு முனையை அம்பிளிபயரின் பிளஸ் திருகாணியிலும் வையுங்கள். இதற்கு நீளமான வயர்த் துண்டு ஒன்று தேவைப்படும். மீற்றர் காட்டும் எண்தான் அந்த வழியில் தொலைகிற வோல்ற். பிறகு மைனஸ் கொண்டைக்கும் அம்பிளிபயரின் எர்த் திருகாணிக்கும் நடுவே அப்படியே பாருங்கள். எந்தப் பக்கமாவது 0.3ஐத் தாண்டினால் அங்கே வேலை இருக்கிறது. பெரும்பாலும் மாட்டுவது எர்த் பக்கம். பெயின்றைச் சுரண்டாமல் உடலில் அடித்த போல்ட், சீற் பெல்ற் போல்ட்டோடு சேர்த்துக் கட்டிய லக், மழை ஈரத்தில் துருவேறிய முனை. பளபளக்கும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினால் செலவில்லாமல் அரை வோல்ற் திரும்பிவரும் வண்டிகள் உண்டு. பற்றரி மைனஸிலிருந்து உடலுக்கும், எஞ்சினிலிருந்து உடலுக்கும், அல்டர்னேற்றரிலிருந்து பற்றரிக்கும் போகும் மூன்று வயர்களையும் தடிப்பாக மாற்றுவது அடுத்த படி. இந்த மூன்றும் கபாசிற்றரின் விலைக்குள் அடங்கும், பயன் பாட்டுக்கு மட்டுமன்றி ஸ்ரார்ட்டருக்கும் விளக்குக்கும் சேரும்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி வந்தது. நடுவே வந்த ஆண்டுகளில் இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். அதனால் ரீவைண்ட் செய்த அல்டர்னேற்றர், தேய்ந்த பெல்ற், ஒரு டயோட் போன பிளேற் இவையெல்லாம் வீதியில் ஏராளம். ஈரமான காலையில் பெல்ற் கீச்சிடுகிறதா என்று கேளுங்கள். மீற்றரை ஆடலோட்ட (ஏசி) வோல்ற் அளவுக்கு மாற்றிப் பற்றரியில் வைத்தால் அரை வோல்ற்றுக்கு மேல் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் டயோட் போயிருக்கலாம். அந்த வண்டிக்குக் கபாசிற்றர் விற்பது நோயை மூடி மறைப்பது, அதைக்கூட அது சரியாகச் செய்யாது.

ஹைபிரிட் வண்டிகளின் கதை தனி. பிரியஸிலும் அக்குவாவிலும் அல்டர்னேற்றரே கிடையாது. பெரிய பற்றரியிலிருந்து மாற்றி ஒன்று 12 வோல்ற் பக்கத்தை ஊட்டுகிறது, எஞ்சின் நின்றாலும் அது நிற்பதில்லை. 12 வோல்ற் பற்றரியும் இவற்றின் பல மாதிரிகளில் பின்பக்கம் இருப்பதால் அம்பிளிபயருக்குப் போகும் வயர் குட்டை. நெரிசலில் மங்கும் சிக்கல் இவற்றில் இயல்பாகவே குறைவு, கபாசிற்றருக்கான தேவையும் அப்படியே. ஆனால் அந்த மாற்றியின் எல்லைக்கு மேல் இழுத்தால் வரும் செலவு அல்டர்னேற்றர் செலவைப் போல் இராது. எனே சார்ஜ் உள்ள வாகன் ஆர் இன்னொரு வகை. அது எரிபொருளை மிச்சம் பிடிக்க, பெரும்பாலும் வேகம் குறையும்போதுதான் மின்னை உண்டாக்கும். பாட்டு இல்லாமலே அதில் வோல்ற்றளவு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைச் செட்டின் குறையென்று நினைத்துக் காசு செலவழிக்க வேண்டாம். ஓட்டோவில் மக்னெட்டோவின் வலு மிகச் சிறியது, அங்கே பெரிய செட் பூட்டுவதே தவறான தொடக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடையில் கிடைக்கும் கபாசிற்றரின் மேல் எழுதியிருக்கும் பரட்டை நம்பலாமா? சோதித்துப் பார்க்கலாம். 10 ஓம், 20 வாற் தாங்கும் வயர்ச்சுற்றுத் தடை ஒன்றை எடுத்து, அதனூடாக வெறுமையான கபாசிற்றரை 12.6 வோல்ற் பற்றரிக்கு இணையுங்கள். கையில் நிறுத்தற் கடிகாரம். கபாசிற்றரின் முனையில் மீற்றர் 8 வோல்ற்றைத் தொட 10 செக்கன் எடுத்தால் அது உண்மையான ஒரு பரட். 5 செக்கனில் தொட்டால் அரைப் பரட். 10 பரட், 20 பரட் என்று பொறித்து விற்கும் கலப்பு வகைகளில் கொள்ளளவு ஓரளவு இருந்தாலும் உட்தடை கூடுதலாக இருக்கும். அப்படியானால் வேகமாகக் கொடுக்கும் குணம், கபாசிற்றரை வாங்குவதற்கான ஒரே காரணம், போய்விடுகிறது. மேலே ஒளிரும் எண் பலகை உண்மையில் பயனுள்ளது, செட்டின் நிலையை அது காட்டுகிறது. அதை மட்டும் தனியே சிறு விலைக்கு வாங்கலாம்.

உண்மையான மீகொள்ளளவிகள், அதாவது சூப்பர் கபாசிற்றர்கள், வேறு இனம். 2.7 வோல்ற், 3000 பரட் கலங்கள் ஆறைத் தொடராக இணைத்தால் 16.2 வோல்ற் தாங்கும் 500 பரட் தொகுதி கிடைக்கும். 60 அம்பியர் இழுத்தாலும் அது ஒரு வோல்ற் இறங்க 8 செக்கன் எடுக்கும். இங்கே மீற்றருக்குத் தெரியும் சரிவே நிரம்புகிறது. மஸ்டா நிறுவனம் 2012 முதல் ஐ-ஈலூப் என்ற பெயரில் பிரேக் பிடிக்கும்போது வரும் மின்னைச் சேமிக்க இந்த வகைக் கொள்ளளவியைத்தான் கார்களில் வைத்தது. ஆனால் கலங்களைச் சமப்படுத்தும் பலகை இல்லாமல் இவற்றை இணைத்தால் ஒரு கலம் மட்டும் எல்லை மீறிக் கெட்டுவிடும். நெரிசலில் அரை மணி நேரம் மின் பற்றாமல் நின்றால் இதுவும் வெறுமையாகும்.

பஸ்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. பெரிய பஸ்களிலும் லொறிகளிலும் பெரும்பாலும் 12 வோல்ற் பற்றரி இரண்டைத் தொடராக்கி 24 வோல்ற். கார் செட் பூட்டுவதற்காக ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற்றை உருவி எடுக்கும் பழக்கம் இருக்கிறது. உருவப்படும் பற்றரி நிரம்பாமலும் மற்றது அளவுக்கு மீறி நிரம்பியும் இரண்டும் சீக்கிரம் போகும். அங்கே கபாசிற்றர் உதவாது, 24இலிருந்து 12க்கு மாற்றும் தரமான கன்வேர்ட்டர் வேண்டும். கார் கபாசிற்றர்கள் பொதுவாக 16 முதல் 20 வோல்ற் வரைதான் தாங்கும். தவறி 24 வோல்ற்றில் மாட்டினால் வீங்கி வெடிக்கும்.

காரிலும் கவனம் வேண்டும். வெறும் கபாசிற்றரை நேராகப் பற்றரியில் தொட்டால் பெரும் பொறி கிளம்பும், பியூஸ் போகும். முதல் தடவை 12 வோல்ற் பல்ப் ஒன்றினூடாக நிரப்ப வேண்டும், பல்ப் அணைந்ததும் நிரம்பிவிட்டது. கழற்றும்போதும் அதே பல்பால் காலி செய்ய வேண்டும். பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும், இது கபாசிற்றர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டாயம்.

காசைச் செலவழிக்கும் ஒழுங்கை இப்படி வைப்பேன்: முதலில் எர்த், பிறகு வயர், பிறகு பற்றரி. ஏஜிஎம் பற்றரியின் உட்தடை குறைவு, நின்ற நிலையில் 12.8க்கு மேல் நிற்கும், ஆகவே அல்டர்னேற்றரின் வோல்ற்றளவுக்கும் பற்றரி கைகொடுக்கத் தொடங்கும் அளவுக்கும் நடுவே முன்பு சொன்ன இடைவெளியையும் கொஞ்சம் சுருக்கும். அதன் பிறகும் நகரத்து நெரிசலில் 13க்குக் கீழே போனால் கூடிய வலுவுள்ள அல்டர்னேற்றர். கபாசிற்றர் நியாயமாகப் பொருந்தும் வண்டி ஒன்று இருக்கிறது: அல்டர்னேற்றருக்குப் போதிய மிச்சம் உண்டு, வயரும் எர்த்தும் சுத்தம், நீளமான வேன் என்பதால் செட் பற்றரிக்கு வெகு தூரத்தில், கேட்பது நீண்டு இழுக்கும் பேஸ் இல்லாமல் தப்பு, தவில் போன்ற வெட்டு வெட்டான அடி. அப்படிப்பட்ட வண்டியில் உட்தடை குறைந்த ஒரு பரட் கபாசிற்றரை அம்பிளிபயரிலிருந்து ஒரு முழத்துக்குள், அம்பிளிபயரின் எர்த் போல்ட்டிலேயே அதன் எர்த்தையும் சேர்த்துப் பூட்டினால் அது தன் வேலையைச் செய்யும்.